தாத்தா வாங்கின நிலம், பேரன்கிட்ட இல்லாத பத்திரம்: ஏர்ஸ் ப்ராப்பர்ட்டின்னா என்ன?

அமெரிக்காவுல அடிமை முறை 1865ல ஒழிஞ்சதுன்னு எல்லாரும் படிச்சிருப்போம், ரெண்டு மார்க் கேள்வி அது. ஆனா அப்ப விடுதலையான ஏறக்குறைய 40 லட்சம் பேரோட குடும்பங்களுக்கு அப்புறம் சொத்துன்னு ஏதாவது சேர்ந்துச்சா, சேர்ந்தது பிள்ளைங்களுக்குப் போச்சா, இப்ப அது யார்கிட்ட இருக்குன்னு கேட்டா பதில் அவ்வளவு சுலபம் இல்ல. 1910 வாக்குல கருப்பின அமெரிக்கர்கள் பேர்ல கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி ஏக்கர் நிலம் இருந்துச்சு. வெறுங்கையோட ஆரம்பிச்சு 45 வருஷத்துல சேர்த்தது. அடுத்த நூறு வருஷத்துல அதுல பெரும்பகுதி கைய விட்டுப் போயிடுச்சு. மிரட்டிப் புடுங்கினது உண்டு, கடன்ல மூழ்கினது உண்டு, ஆனா ஒரு பெரிய பங்கு கோர்ட் வழியா, ஜட்ஜ் கையெழுத்தோட, முழுக்க சட்டப்படி போச்சு. அந்த வழிக்கு அங்க ஏர்ஸ் ப்ராப்பர்ட்டி பிரச்சினைன்னு பேரு, அதாவது உயில் இல்லாம வாரிசுங்க எல்லாருக்கும் பொதுவா வந்து நிக்கிற சொத்தோட பிரச்சினை. கருப்பின மக்கள் விருப்பமில்லாம நிலத்தை இழந்ததுக்கு முக்கியமான காரணமே இதுதான்னு அமெரிக்க விவசாயத் துறையே சொல்லுது. நம்மள்ல பல பேர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம், அதனால அடியில இருந்தே பார்க்கலாம்.

ஆளே சொத்துன்னா அவருக்கு ஏது சொத்து

அடிமை முறை இருந்த தென் மாநிலங்கள்ல ஒரு அடிமை சட்டப்படி ஒரு பொருள், மாடு மாதிரி வண்டி மாதிரி. அவரால ஒப்பந்தம் போட முடியாது, நிலம் வாங்க முடியாது, உயில் எழுத முடியாது, அப்பா விட்டுட்டுப் போனதை வாங்கிக்கவும் முடியாது. இதைவிடக் கொடுமை கல்யாண விஷயம். அடிமைங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, துடைப்பத்தைத் தரையில போட்டு ரெண்டு பேரும் சேர்ந்து தாண்டுற சடங்கெல்லாம் இருந்துச்சு, தோட்டத்துல எல்லாருக்கும் இவங்க புருஷன் பொண்டாட்டின்னு தெரியும், ஆனா சட்டத்துக்குத் தெரியாது. முதலாளி நினைச்சா நாளைக்கே புருஷனை வேற மாநிலத்துக்கு வித்துடலாம். கல்யாணமே செல்லாதுன்னா அப்பான்னு ஒரு ஆள் சட்டத்துல கிடையாது. 1662லயே வர்ஜீனியாவுல ஒரு சட்டம் போட்டாங்க, பிறக்கிற குழந்தை அடிமையா இல்லையாங்கிறது அம்மாவைப் பொறுத்ததுன்னு. வாரிசுரிமை அப்பா வழியா போற இங்கிலாந்து வழக்கத்தையே இதுக்காகத் திருப்பிப் போட்டுட்டாங்க. காரணம் புரிஞ்சிருக்கும், முதலாளியே ஒரு அடிமைப் பொண்ணுகிட்ட குழந்தை பெத்தாலும் அந்தக் குழந்தை அவருக்கு வாரிசு ஆகாது, அவரோட சொத்து லிஸ்ட்ல இன்னொண்ணா சேரும்.

அப்ப அடிமைங்ககிட்ட நிஜமாவே ஒண்ணும் இல்லையான்னா, அப்படியும் சொல்ல முடியாது. தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரையில நெல் தோட்டங்கள் இருந்துச்சு, அங்க டாஸ்க் முறை, அதாவது இன்னைக்கு இவ்வளவு வேலைன்னு அளந்து கொடுத்துடுவாங்க, முடிச்சிட்டா மிச்ச நேரம் உன்னோடது. அந்த மிச்ச நேரத்துல தோட்டம் போட்டாங்க, கோழி பன்னி வளர்த்தாங்க, வித்தாங்க, சில பேர் மாடு குதிரை வரைக்கும் சேர்த்தாங்க. அடிமை முறையை வெச்சு வடக்கும் தெற்கும் மோதின உள்நாட்டுப் போர்ல, 1864 டிசம்பர்ல வடக்கு ஜெனரல் ஷெர்மனோட ராணுவம் ஜார்ஜியா வழியா வந்தப்ப லிபர்ட்டி கவுண்டில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) இதையெல்லாம் சாப்பாட்டுக்கும் சவாரிக்கும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. போர்ல அரசாங்கத்துக்கு விசுவாசமா இருந்தவங்க இழந்த பொருளுக்கு நஷ்டஈடு கேக்கலாம்னு 1871ல ஒரு கமிஷன் வந்துச்சு, அதுகிட்ட இந்த ஜனங்க போய் என் பன்னி, என் மாடு, என் நெல்லுன்னு கேட்டாங்க. அடிமையா இருந்த உனக்கு எப்படி மாடுன்னு அதிகாரிங்க கேக்க, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து ஆமா இது இவரோடதுதான், இன்னாரு கொடுத்த கன்னுக்குட்டி, இவங்க அப்பா செத்தப்ப இவருக்கு வந்ததுன்னு சாட்சி சொன்னாங்க. சில இடத்துல பழைய முதலாளியே வந்து சொன்னாரு.

இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க, ஏன்னா மொத்த விஷயமும் இதுலதான் நிக்குது. எது யாரோடதுங்கிறது அவங்க ஊர்ல எல்லாருக்கும் தெளிவா தெரியும், சண்டையே கிடையாது. ஆனா அது இருந்தது ஜனங்க வாயில, பேப்பர்ல இல்ல. சட்டமே அவங்களைப் பேப்பர் பக்கம் விடல, பல மாநிலங்கள்ல எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறதே குத்தம்.

இன்னொரு விஷயமும் சொல்லிடுறேன், வயித்தெரிச்சல்தான். அடிமை முறை முடியும்போது நஷ்டஈடு வாங்கினது யாருன்னா பல இடத்துல முதலாளிங்க. வாஷிங்டன் நகரத்துல 1862ல அடிமைங்களை விடுவிச்சப்ப தலைக்கு 300 டாலர் வரைக்கும் முதலாளிக்குக் கொடுத்தாங்க. பிரிட்டன் அதுக்கு முன்னாடியே தன்னோட காலனிகள்ல 2 கோடி பவுண்டு கொடுத்துச்சு, அதுக்கு வாங்கின கடனை 2015 வரைக்கும் கட்டிக்கிட்டு இருந்தாங்க. சொத்து போச்சே பாவம்னு சொத்துக்காரனுக்குக் கொடுத்தாச்சு. சொத்தா இருந்தவங்களுக்கு அப்படி ஒரு செக் வரல.

நாப்பது ஏக்கர்

1865 ஜனவரி 12ம் தேதி ஜார்ஜியாவுல சவானா ஊர்ல ஒரு கூட்டம் நடந்துச்சு. போர் மந்திரி ஸ்டாண்டனும் ஜெனரல் ஷெர்மனும் 20 கருப்பின சர்ச் தலைவர்களைக் கூப்பிட்டு உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. அவங்க சார்பா பேசினவர் கேரிசன் ஃப்ரேஸியர், 67 வயசு, எட்டு வருஷம் முன்னாடிதான் ஆயிரம் டாலரைத் தங்கமும் வெள்ளியுமா கொடுத்து தன்னையும் தன் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுதலை ஆனவர். அவர் கேட்டது நிலம். சொந்த நிலம் கொடுங்க, எங்க உழைப்புல உழுது பிழைச்சுக்கிறோம்னாரு. நாலே நாள்ல ஷெர்மன் உத்தரவு போட்டாரு, சார்ல்ஸ்டன்ல இருந்து தெற்கே ஃப்ளோரிடாவோட செயின்ட் ஜான்ஸ் ஆறு வரைக்கும் கடலோரமா 30 மைல் உள்ளே வரை இருக்கிற தோட்டங்களை இவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும், ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேல கிடையாது. சுமார் 40,000 பேர் குடியேறினாங்க, அந்த வருஷமே விதைச்சாங்க.

ஆனா அந்த உத்தரவை உத்துப் பார்த்தீங்கன்னா அதுல கொடுத்தது அனுபவ உரிமைதான், முழு உரிமைப் பத்திரம் கிடையாது. ஏப்ரல்ல லிங்கனைச் சுட்டுட்டாங்க, அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய தோட்ட முதலாளிங்களுக்கு மன்னிப்பு கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிட்டாரு. அக்டோபர்ல ஜெனரல் ஹோவர்டுன்னு ஒருத்தரை எடிஸ்டோ தீவுக்கு அனுப்பி, சர்ச்ல ஜனங்களைக் கூட்டி வெச்சு, நிலத்தை விட்டுடுங்கன்னு சொல்ல வெச்சாங்க. அந்த ஜனங்க ஜனாதிபதிக்கே மனு எழுதினாங்க. ஒண்ணும் நடக்கல. பெரும்பாலானவங்க வெறுங்கையோட வெளிய வந்து அதே முதலாளிகிட்ட விளைச்சல்ல பங்குன்னு வாரத்துக்குப் பயிர் பண்ணப் போனாங்க.

எல்லாரும் இல்ல. தென் கரோலினாவுல பியூஃபோர்ட் பக்கம் போர் நடக்கும்போதே வடக்கு ராணுவம் பிடிச்சிருந்துச்சு, ஓடிப்போன முதலாளிங்க வரி கட்டலன்னு அவங்க சொத்தை அரசாங்கம் ஏலம் விட்டுச்சு. அந்த ஏலத்துல ராபர்ட் ஸ்மால்ஸ் ஒரு வீடு வாங்கினாரு. இவர் யாருன்னா 1862 மே மாசம் ப்ளான்டர்ங்கிற தெற்கு ராணுவக் கப்பலை ராத்திரியோட ராத்திரியா தன் குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு ஓட்டிட்டு வந்து வடக்குக்காரங்ககிட்ட ஒப்படைச்ச ஆளு. வாங்கின வீடு எதுன்னா, அவர் எந்த வீட்டுப் பின்கட்டுல அடிமையா பிறந்தாரோ அதே வீடு. பழைய சொந்தக்காரர் அந்த ஏலமே செல்லாதுன்னு கேஸ் போட்டாரு, 1878ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஸ்மால்ஸ் ஜெயிச்சாரு. அவர் காங்கிரஸ்ங்கிற அமெரிக்க நாடாளுமன்றத்துல உறுப்பினரா இருந்தவர், வக்கீல் வெச்சு அவ்வளவு தூரம் போக முடிஞ்சது. ஊர்ல மத்தவங்களுக்கு அந்த வசதி இல்ல.

வாரிசு யாருன்னு யார் சொல்றது

1866ல ஒரு பெரிய சட்டம் வந்துச்சு, சிவில் உரிமைச் சட்டம். வெள்ளைக்காரங்களுக்கு இருக்கிற மாதிரியே இவங்களும் சொத்து வாங்கலாம், விக்கலாம், வாடகைக்கு விடலாம், வாரிசா பெறலாம்னு அதுல தெளிவா போட்டிருக்கு. நல்லது. ஆனா வாரிசா பெறணும்னா நீ முதல்ல வாரிசுன்னு ஆகணும் இல்லையா, இருநூறு வருஷமா கல்யாணமே இல்ல, அப்பாவே இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்த சட்டத்துல எப்படி வாரிசு ஆவ?

அதுக்கு மாநிலங்கள் ஒவ்வொண்ணும் ஒரு ஒட்டுப்போட்ட வழி கண்டுபிடிச்சுச்சு. வர்ஜீனியாவும் வட கரோலினாவும் 1866லயே சட்டம் போட்டு, இப்ப புருஷன் பொண்டாட்டியா சேர்ந்து வாழுறவங்களைக் கல்யாணம் ஆனவங்களாவே எடுத்துக்கிறோம்னு சொல்லி ரெஜிஸ்டர் போட்டாங்க. அந்த ரெஜிஸ்டர்கள் இன்னைக்கும் இருக்கு, இத்தனை வருஷமா சேர்ந்து வாழுறோம்னு சொல்லி வரிசையா பதிஞ்சு வெச்சிருக்காங்க. ஆனா இப்ப சேர்ந்து வாழுறவங்கன்னு போட்டா, 1850ல மிசிசிப்பிக்கு வித்துட்டுப் போன முதல் புருஷன் என்ன ஆனாரு? அவரோட பிறந்த பிள்ளைங்க? அவர் அங்க இன்னொரு குடும்பம் வெச்சிருப்பாரு, இந்தம்மாவும் இங்க வேற ஒருத்தரோட இருப்பாங்க, ரெண்டு பேர் மேலயும் தப்பு கிடையாது. போருக்கு அப்புறம் பல வருஷம் கருப்பினப் பத்திரிகைகள்ல என் அம்மாவைக் கடைசியா இந்த ஊர்ல பார்த்தேன், என் தம்பியை இன்னாருக்கு வித்தாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு விளம்பரம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

புருஷன் பொண்டாட்டி, அப்பா பிள்ளை உறவையாவது இப்படி ஒட்டு போட்டு சரி பண்ணாங்க. அண்ணன் தம்பி? அடிமையா பிறந்த ரெண்டு பேர், ஒரே அம்மா வயித்துல பிறந்தவங்க, ஒருத்தர் பிள்ளை இல்லாம செத்தா நிலம் இன்னொருத்தருக்குப் போகுமா? டென்னசில போகாதுன்னாங்க, அடிமைக் கல்யாணத்துல பிறந்தவங்களுக்கு அப்பா அம்மா சொத்து மட்டும்தான், கூடப்பிறந்தவங்க சொத்துக்கு உரிமை இல்லன்னு. அந்தக் கேஸ் 1914ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, கோர்ட்டும் மாநிலச் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. அடிமை முறை ஒழிஞ்சு ஏறக்குறைய அம்பது வருஷம் கழிச்சு!

இதுக்கு எதிர்ப்பக்கமா ஒரு கேஸ் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. ஜார்ஜியாவுல ஹான்காக் கவுண்டின்னு ஒரு இடம், அங்க டேவிட் டிக்சன்னு பெரிய பணக்கார வெள்ளைக்காரப் பண்ணையார். ஜூலியாங்கிற அடிமைச் சிறுமியை அவர் பலாத்காரம் பண்ணி 1849ல பிறந்த பொண்ணு அமாண்டா. 1885ல டிக்சன் செத்தப்ப சொத்துல பெரும்பகுதியை அமாண்டாவுக்கு எழுதி வெச்சிருந்தாரு. சொந்தக்காரங்க பெரிய பட்டாளமா திரண்டு வந்து கேஸ் போட்டாங்க, கீழ்க்கோர்ட்ல தோத்து, 1887ல ஜார்ஜியா சுப்ரீம் கோர்ட்லயும் தோத்தாங்க. அமாண்டா அந்தக் காலத்துலயே நாட்டோட பணக்காரக் கருப்பினப் பெண்கள்ல ஒருத்தரா ஆனாங்க. அந்த ஆள் நல்லவன்னு நான் சொல்லல, பண்ணது தெரியுதே. ஆனா அமாண்டா ஜெயிச்சதுக்கு அடிப்படை ஒரு பேப்பர், உயில். அது மட்டும் இல்லாம இருந்திருந்தா, கல்யாணம் இல்லாம பிறந்த பொண்ணுக்கு அந்தச் சட்டப்படி அப்பன் சொத்துல காலணா கிடைச்சிருக்காது.

இப்ப ஏர்ஸ் ப்ராப்பர்ட்டிக்கு வருவோம்

ஒரு கற்பனைக் குடும்பம் வெச்சுக்குவோம். அடிமையா பிறந்த ஒரு பெரியவர் 1890ல கடலோரமா 60 ஏக்கர் வாங்குறாரு. அப்ப அது யாருக்கும் வேண்டாத நிலம், கொசு, சதுப்பு, காய்ச்சல். அவர் உயில் எழுதாம சாகுறாரு. அஞ்சு பிள்ளைங்க. சட்டப்படி நிலம் அஞ்சு பேருக்கும் வருது, ஆனா பிரிச்சு இல்ல, மொத்த நிலத்துலயும் அஞ்சுல ஒரு பாகம். நம்ம ஊர்ல பாகம் பிரிக்காத பூர்வீக நிலத்துல எல்லா பங்காளி பேரும் ஒரே கூட்டுப் பட்டாவுல நிக்குமே, கிட்டத்தட்ட அதுதான், என்ன, இங்க அந்தப் பட்டாவும் பெரியவர் பேர்லயே நின்னுடும், யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. அந்த அஞ்சு பேரும் உயில் எழுதல, ஒவ்வொருத்தருக்கும் நாலு பிள்ளைங்க, இப்ப இருபது பேர். அவங்களும் எழுதல, ஆளுக்கு மூணு, அறுபது பேர். 60 ஏக்கர், 60 வாரிசு, ஆளுக்கு ஒரு ஏக்கர்னு நினைச்சா தப்பு. யாருக்கும் ஒரு ஏக்கர் கிடையாது, ஒவ்வொரு பிடி மண்ணுலயும் அறுபதுல ஒரு பாகம் இருக்கு.

நிஜத்துல கணக்கு இவ்வளவு அழகா வராது, சில பேருக்குப் பிள்ளை இல்ல, சில பேருக்கு ரெண்டு குடும்பம், ஒருத்தருக்கு எட்டுல ஒண்ணு இன்னொருத்தருக்கு ஆயிரத்துல ஏதோ ஒண்ணுன்னு போகும். அதுவும் போக 1910களுக்கு அப்புறம் சுமார் 60 லட்சம் கருப்பின மக்கள் தெற்கை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க்னு போயிட்டாங்க. அங்க பிறந்த பேரன் பேத்திக்கு அந்த நிலத்துல பங்கு இருக்கிறதே தெரியாது. நிலத்துல உக்காந்து வரி கட்டிக்கிட்டு வீடு கட்டியிருக்கிற நாலு குடும்பத்துக்கோ இது எங்க நிலம்தானே, யார் கேக்கப் போறாங்கன்னு நினைப்பு.

இங்கதான் கண்ணி. இந்த வகை கூட்டு உரிமையில எந்த வாரிசும் தன் பாகத்தை யாருக்கு வேணா விக்கலாம், மத்தவங்களைக் கேக்கவே வேண்டாம். பாகம் வாங்கின வெளியாளும் உடனே மத்தவங்களுக்குச் சமமான பங்காளி ஆயிடுவான், எவ்வளவு சின்ன பாகமா இருந்தாலும். எந்தப் பங்காளியும் கோர்ட்டுக்குப் போய் பாகம் பிரிச்சுக் கொடுங்கன்னு கேக்கலாம், அது அவரோட முழு உரிமை. ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி என்ன பண்ணும்னா, ஊரை விட்டுப் போன ஒரு வாரிசைத் தேடிப் பிடிச்சு உங்களுக்கு இப்படி ஒரு பாகம் இருக்கு, இந்தாங்க கொஞ்சம் டாலர்னு கையெழுத்து வாங்கிடும். அந்த ஆளுக்கு அது கண்டெடுத்த காசு. கம்பெனிக்கு அது கோர்ட்டுக்குள்ள போற டிக்கெட். அப்புறம் ஜட்ஜ் முன்னாடி, அய்யா அறுபது பேருக்கு நிலத்தைத் துண்டு போட முடியுமா, ஒருத்தருக்குக் கடல் பக்கம் இன்னொருத்தருக்குச் சேறா, மொத்தமா வித்துக் காசைப் பிரிச்சுக் கொடுத்துடுங்கன்னு கேக்கும். கோர்ட்டும் சரின்னு ஏலம் போட்டுடும். சட்டப் புத்தகத்துல நிலத்தைப் பிரிச்சுக் கொடுக்கிறதுதான் முதல் வழின்னு இருக்கும், நடைமுறையில ஏலம்தான் நடந்துச்சு.

ஏலத்துல குடும்பமே எடுத்துக்கலாமேன்னு கேப்பீங்க. பணத்துக்கு எங்க போறது? பேங்க்ல கடன் கேட்டா பத்திரம் யார் பேர்லன்னு கேப்பான், அறுபது பேர் பேர்ல இருக்கிற நிலத்தை எவன் அடமானம் வாங்குவான். அதனால ஏலத்துக்குப் பணத்தோட வர்றது கேஸ் போட்ட அதே கம்பெனி மட்டும்தான், சந்தை விலையில பாதிக்கும் கீழ போனாலும் கேக்க ஆள் இல்ல. வித்த காசுல வக்கீல் செலவு, சர்வே செலவு எல்லாம் கழிச்சுத்தான் மிச்சம் வரும், அதாவது உன் நிலத்தை உன்கிட்ட இருந்து எடுத்த கேஸோட செலவுலயும் உனக்குப் பங்கு. எனக்கு இதுல ஆத்திரம் வர்ற இடமே இதுதான், ஏன்னா இதுல யாரும் சட்டத்தை மீறல.

உயில் ஏன் எழுதல

அறியாமைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க, அது பாதி கூட உண்மை இல்ல. முதல் ரெண்டு தலைமுறைக்குப் படிப்பு மறுக்கப்பட்டது ஒரு காரணம். கருப்பினத்தவங்களுக்காக வாதாட வக்கீல் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு, கவுண்டி கோர்ட்ல உக்காந்திருந்தவங்க யாருன்னு சொல்ல வேண்டியதில்ல, அங்க போய் எங்ககிட்ட இவ்வளவு நிலம் இருக்குன்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கே வில்லங்கம் வரும்னு பயம், அந்தப் பயம் நியாயமானதும் கூட. நிறுவனத்தை நம்பினவங்க கதையும் இருக்கு. விடுதலையானவங்க சேமிப்புக்குன்னு 1865ல அரசாங்க ஆசியோட ஃப்ரீட்மன்ஸ் பேங்க்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, நிர்வாகம் பணத்தைக் கண்டபடி கடன் கொடுத்து 1874ல மூடிட்டாங்க, சுமார் 61,000 பேரோட கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் மாட்டிக்கிச்சு. அடிமையா பிறந்து பெரிய தலைவரான ஃப்ரெடரிக் டக்ளஸ் மாதிரி ஆளையே கடைசி சில மாசம் தலைவரா உக்கார வெச்சும் காப்பாத்த முடியல. இதையெல்லாம் பார்த்த பாட்டி தாத்தா பேப்பரை நம்பலன்னா அவங்களைக் குறை சொல்ல நான் தயாரா இல்ல.

அதுக்கும் மேல ஒரு நம்பிக்கை இருந்துச்சு, யார் பேர்லயும் எழுதாம எல்லாருக்கும் பொதுவா விட்டா யாராலயும் தனியா விக்க முடியாது, நிலம் குடும்பத்துலயே நிக்கும், எங்க போய் கஷ்டப்பட்ட பிள்ளையும் திரும்பி வந்து ஒரு குடிசை போட்டுக்கலாம்னு. குல்லா கீச்சின்னு சொல்ற கடலோரத் தீவு மக்கள்கிட்ட இன்னைக்கும் இந்த வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் சாட்சி சொல்லி மாடு யாரோடதுன்னு முடிவான அதே ஊர்ப் பழக்கம்தான் இதுவும், உள்ளுக்குள்ள அது நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. வெளியில இருந்து ஒருத்தன் பாகம் வாங்குற வரைக்கும்.

கொசுக்கடி நிலத்துக்கு விலை வந்தப்ப

தென் கரோலினாவுல ஹில்டன் ஹெட்னு ஒரு தீவு. 1862லயே அங்க மிட்செல்வில்னு விடுதலையானவங்களுக்கான ஊர் உருவாகி அவங்களே தேர்தல் வெச்சு நடத்தினாங்க. போருக்கு அப்புறம் பல பத்தாண்டு அங்க பெரும்பாலும் குல்லா மக்கள்தான், படகுலதான் போகணும், வெளியாளுக்கு அதுல அக்கறையே இல்ல. 1956ல பாலம் கட்டினாங்க. அவ்வளவுதான், கோல்ஃப் மைதானம், ரிசார்ட், கேட் போட்ட குடியிருப்புன்னு வரிசையா வந்துச்சு, இன்னைக்கு ஹில்டன் ஹெட்னா பணக்காரங்க லீவுக்குப் போற இடம். நில மதிப்பு ஏற ஏற வரியும் ஏறுது, வரி கட்ட முடியலன்னா அதுக்குத் தனியா ஏலம்.

வட கரோலினாவுல கார்டெரெட் கவுண்டில ஒரு குடும்பம், தண்ணிக்கரையில 65 ஏக்கர், தாத்தா உயில் எழுதாம 1970 வாக்குல போயிட்டாரு. சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு பழைய பதிவுச் சட்டத்தை வெச்சு கரையோரப் பகுதியைத் தன் பேருக்கு மாத்தி டெவலப்பருக்கு வித்துட்டாரு. அங்க வீடு கட்டி வாழ்ந்துக்கிட்டு இருந்த ரெண்டு சகோதரர்கள் காலி பண்ண மாட்டோம்னாங்க. கோர்ட் அவமதிப்புன்னு 2011ல உள்ள போட்டாங்க, 2019லதான் வெளிய விட்டாங்க. எட்டு வருஷம், சொந்த நிலத்தை விட்டு நகர மாட்டேன்னு சொன்னதுக்கு!

ஏலத்துக்குப் போகாத நிலத்துலயும் நிம்மதி கிடையாது. பத்திரம் தெளிவா இல்லன்னா விவசாயக் கடன் இல்ல, அரசாங்க மானியம் இல்ல, மரம் வெட்டி விக்கக்கூட கம்பெனி எல்லார் கையெழுத்தும் கேக்கும். 2005ல கத்ரீனா புயல்ல வீடு போன எத்தனையோ லூசியானா குடும்பங்கள், பாட்டி பேர்ல இருக்கிற வீடு உன்னோடதுன்னு நிரூபின்னு சொன்னதால நிவாரணப் பணம் கிடைக்காம தவிச்சாங்க. பேரிடர் துறை 2021லதான் விதியைத் தளர்த்தி வேற ஆதாரங்களையும் ஏத்துக்க ஆரம்பிச்சது.

2010ல வந்த சட்டம்

தாமஸ் மிட்செல்னு ஒரு சட்டப் பேராசிரியர் இந்த விஷயத்தையே பல வருஷமா ஆராய்ச்சி பண்ணி, அவர் எழுதிக் கொடுத்த வரைவை வெச்சு 2010ல ஒரு மாதிரிச் சட்டம் தயாராச்சு. மாதிரிச் சட்டம்னா ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா எடுத்து நிறைவேத்தணும். ஜார்ஜியா 2012ல எடுத்துச்சு, அலபாமா 2014ல, தென் கரோலினா 2016ல. தென் கரோலினா அதுக்கு க்ளெமென்டா பிங்க்னி பேரை வெச்சிருக்கு, 2015ல சார்ல்ஸ்டன் சர்ச்ல ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்ன ஒன்பது பேர்ல ஒருத்தர், அந்த சர்ச்சோட பாதிரியார், மாநில செனட்டரும் கூட. இப்ப இருபது மாநிலத்துக்கு மேல இந்தச் சட்டம் இருக்கு.

அதுல என்ன மாறுச்சுன்னா, ஒருத்தன் மொத்தமா வித்துக் கொடுங்கன்னு கேஸ் போட்டா முதல்ல கோர்ட் நடுநிலையா விலை போடச் சொல்லும். அந்த விலைப்படி கேஸ் போட்டவனோட பாகத்துக்கு என்ன வருதோ அதைக் கொடுத்து குடும்பத்துல மத்தவங்க அவனை வெளிய அனுப்பிடலாம், அப்படி வாங்கிக்கிறோம்னு சொல்ல 45 நாள். அறுபதுல ஒரு பாகம் வாங்கினவனுக்கு அறுபதுல ஒரு பாகத்துக்கான காசு, கதை முடிஞ்சுது. யாரும் வாங்கலன்னா நிலத்தைப் பிரிச்சுக் கொடுக்க முடியுமான்னு கோர்ட் நிஜமாவே பார்க்கணும், பார்க்கும்போது இது பூர்வீக மண்ணு, இங்க குடும்பம் வாழுது, இதை விட்டா வீடு இல்லங்கிறதையும் கணக்குல எடுக்கணும், வெறும் டாலர் கணக்கு போதாது. கடைசியா வித்துத்தான் ஆகணும்னாலும் பொதுவா கோர்ட் வாசல் ஏலம் இல்லாம ஒரு புரோக்கர் வழியா சந்தை விலைக்கு விக்கணும். வாரிசுங்க எங்க இருக்காங்கன்னு தெரியாம பேப்பர்ல மட்டும் நோட்டீஸ் கொடுக்கிறதா இருந்தா நிலத்துலயே போர்டும் வெக்கணும்.

இதைப் படிச்சப்ப எனக்குத் தோணினது ஒண்ணு. நம்ம நாட்டுல 1893 பாகப்பிரிவினைச் சட்டத்துலயே நாலாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பிரிக்காத குடும்ப வீட்டுல ஒரு பாகத்தை வெளியாள் வாங்கிட்டு பாகம் கேட்டு கேஸ் போட்டா, குடும்பத்துல ஒருத்தர் நான் வாங்கிக்கிறேன்னு சொன்னா கோர்ட் விலை போட்டு அவருக்கே கொடுக்கணும்னு. வீட்டுக்கு மட்டும்தான், நிலத்துக்கு இல்ல, இருந்தாலும் யோசனை அதேதான். இவ்வளவு சாதாரணமான ஒரு பாதுகாப்பு அமெரிக்காவுல பல மாநிலங்களுக்குப் போய்ச்சேர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு, அதுக்குள்ள நிலம் போனவங்களுக்கு இந்தச் சட்டம் திருப்பி ஒண்ணும் கொடுக்காது.

இருக்கிற நிலத்தைக் காப்பாத்த நினைக்கிற குடும்பங்க இப்ப என்ன பண்றாங்கன்னா, முதல் வேலை வம்ச மரம் போடுறது. அதுவே பெரிய பாடு. 1850, 1860 சென்சஸ்ல அடிமைங்க பேரே கிடையாது, முதலாளி பேருக்குக் கீழ ஆணு பொண்ணு, வயசு, நிறம்னு எழுதியிருப்பாங்க, பேரோட வர்றது 1870லதான். அதுக்கு முன்னாடி போகணும்னா 1866 கல்யாண ரெஜிஸ்டர், முதலாளி குடும்பத்து உயில்ல இருக்கிற அடிமைப் பட்டியல், வீட்டு பைபிள்ல எழுதி வெச்ச பிறந்த தேதி, அப்புறம் அந்தத் திவாலான ஃப்ரீட்மன்ஸ் பேங்க்கோட கணக்குப் புத்தகம். கணக்கு ஆரம்பிக்கும்போது அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க, யாரை எந்த ஊருக்கு வித்தாங்கன்னு எல்லாத்தையும் கேட்டு எழுதியிருக்காங்க, பணத்தைத் தொலைச்ச பேங்க் உறவை மட்டும் பத்திரமா வெச்சிருக்கு.

மரம் போட்டு முடிச்சா உயிரோட இருக்கிற வாரிசு எல்லாரையும் தேடிப் பேசி, கையெழுத்து வாங்கி, கோர்ட்ல பத்திரத்தைச் சுத்தம் பண்ணி, அப்புறம் குடும்ப டிரஸ்ட்டோ கம்பெனியோ ஆரம்பிச்சு நிலத்தை அதுக்குள்ள வெச்சுடுறாங்க, அதுக்கப்புறம் ஒருத்தர் தன் பங்கை வெளியாளுக்குத் தனியா தள்ளிவிட முடியாதபடி விதி எழுதிக்கலாம். சார்ல்ஸ்டன்ல 2005ல இருந்து இதுக்குன்னே ஒரு ஏர்ஸ் ப்ராப்பர்ட்டி மையம் வேலை செய்யுது, வக்கீல் உதவி, உயில் எழுதித் தர்றது, நிலத்துல இருக்கிற மரத்தை வெச்சு வருமானம் பார்க்கச் சொல்லித் தர்றதுன்னு. 2018 விவசாயச் சட்டத்துக்கு அப்புறம் முழுப் பத்திரம் இல்லாதவங்களும் வேற ஆதாரம் காட்டி பண்ணை எண் வாங்கிக்கலாம், அந்த எண் இருந்தாத்தான் கடனும் மானியமும் கேக்க முடியும். பத்திரத்தைச் சரி பண்ற செலவுக்குன்னே 2021ல ஒரு கடன் திட்டமும் வந்திருக்கு, ஆமா, தாத்தா காசு கொடுத்து வாங்கின நிலத்தைத் தன்னோடதுன்னு நிரூபிக்க பேரன் வட்டிக்குக் கடன் வாங்கணும்.